சமதளக் கட்டத்தின் வெற்றியாளரை முன்கணித்தல்

சமதளக் கட்டத்தின் வெற்றியாளரை முன்கணித்தல் என்பது, பல நாட்கள் நடைபெறும் தொழில்முறை மிதிவண்டிச் சாலைப் பந்தயத்தில், பெரிய மலையேற்றம் இல்லாத ஒரு நாளின் ஓட்டத்தை யார் வெல்வார் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதாகும். டூர் டி பிரான்சு, ஜிரோ டி இத்தாலியா, வுவெல்டா எசுப்பானியா ஆகிய மூன்று பெரும் பந்தயங்களிலும் மொத்தம் 21 நாள் ஓட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம் எனப்படுகிறது. அவற்றுள் சமதளக் கட்டமே பார்ப்பதற்கு மிகவும் எளிதானது. நான்கு மணி நேரம் அனைவரும் ஒன்றாக ஓட்டுவார்கள். கடைசி 200 மீட்டரில் வேகமானவர் வெல்வார். ஆனால் அந்த வேகமானவர் யார் என்று பெயரைச் சொல்ல முயன்றால், மலைக் கட்டத்தைவிட இதில்தான் கணிப்பு அதிகம் தவறுகிறது.

இதற்குக் காரணம், இங்கே ஒன்றல்ல, இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருப்பதுதான். பெருங்கூட்டம் ஒன்றாக முடிவுக்கோட்டை அடையுமா என்பது முதற்கேள்வி. அப்படி அடைந்தால், கடைசி 200 மீட்டர் தொடங்கும் நொடியில் யார் சரியான இடத்தில் இருப்பார் என்பது இரண்டாவது. யார் அதிக வேகமானவர் என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் பிறகே வருகிறது.

கட்டத்தின் தன்மை

ஒரு சமதளக் கட்டம் பொதுவாக 150 முதல் 220 கி.மீ. வரை நீளும். ஒட்டுமொத்தப் பந்தயத்தை வெல்ல விரும்புவோர் அன்று நேரம் இழக்காமல் பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும் என்று நினைப்பார்கள். அன்றைய வெற்றியை நாடுவோர் ஸ்பிரிண்டர்கள். குறுகிய தூரத்தில் மிக அதிக வேகத்தை எட்டக்கூடிய, மலையில் பின்தங்கும் வீரர்கள் இவர்கள். டூர் டி பிரான்சில் சமதளக் கட்டத்தை வெல்பவருக்குப் பச்சை ஜெர்சிக்கான 50 புள்ளிகள் கிடைக்கும். இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 20. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் யாரும் இரண்டாம் இடத்துக்காக ஓட்டுவதில்லை.

மூன்று வாரப் பந்தயம் ஒன்றில் இத்தகைய வாய்ப்புகள் ஆறு முதல் எட்டு வரையே வரும். மீதி நாட்களில் ஸ்பிரிண்டர், வெற்றியாளரின் நேரத்தைக்கொண்டு கணக்கிடப்படும் கால வரம்புக்குள் மலைகளைக் கடந்து வந்தாக வேண்டும். தவறினால் வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஒரு ஸ்பிரிண்டரை நம்பி அமைக்கப்பட்ட அணிக்கு இந்தச் சில நாட்களே ஆண்டு முழுவதற்குமான அறுவடை. அதனால்தான் கடைசி ஐந்து கிலோமீட்டரில் அவர்கள் எடுக்கும் ஆபத்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது.

கூட்டம் பிடித்துவிடுமா?

கட்டம் தொடங்கியதும் இரண்டு முதல் ஐந்து பேர் வரை கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னே ஓடுவது வழக்கம். பிரெஞ்சில் பெலட்டான் எனப்படும் பெருங்கூட்டம் இவர்களைச் சில நிமிட இடைவெளியில் விட்டுவைத்து, முடிவுக்கு அருகில் பிடித்துவிடும். சீக்கிரமே பிடித்துவிட்டால் புதிதாக வேறு சிலர் பிரிந்து ஓடுவார்கள். ஆகவே எலியைப் பூனை விட்டுப்பிடிப்பதுபோல, முன்னே ஓடுபவர்களைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதே கூட்டத்துக்கு வசதி.

கூட்டத்துக்கு இந்த வலிமையைத் தருவது காற்று. தட்டையான சாலையில் வேகமாக ஓட்டுபவரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றுத் தடையை எதிர்ப்பதற்கே செலவாகிறது. அந்தத் தேவை வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயரும். வேகத்தை 10 விழுக்காடு கூட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 33 விழுக்காடு அதிக ஆற்றல் வேண்டும். இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் இந்தச் சுமை பெருமளவு குறைகிறது. பெர்ட் புளோக்கன் தலைமையிலான ஆய்வுக் குழு 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் சில இடங்களில் ஒரு வீரர் எதிர்கொள்ளும் தடை, அதே வேகத்தில் தனியாக ஓட்டுபவர் எதிர்கொள்வதில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. முன்னே ஓடும் நான்கு பேர் மாறிமாறிக் காற்றை வாங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ ஓய்வில் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் பிடிக்கலாம் என்பதற்கு ஒரு பழைய விதி உண்டு. முன்னாள் வீரரும் தொலைக்காட்சி வருணனையாளருமான பிரான்சைச் சேர்ந்த ரோபேர் ஷபாத்தின் பெயரால் அது வழங்குகிறது. முடிவுக்கு 10 கி.மீ. இருக்கையில் முன்னே ஓடுபவருக்கு ஒரு நிமிட முன்னிலையாவது வேண்டும். இல்லையேல் பிடிபடுவார் என்பது அவ்விதி. கணக்கிட்டுப் பார்த்தால் விதி நியாயமானதே. களைத்துப்போன சிறு குழு மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் ஓடினால் 10 கி.மீ.க்கு 13 நிமிடம் 20 வினாடி ஆகும். கூட்டம் 50 கி.மீ. வேகத்தில் வந்தால் 12 நிமிடம் போதும். வித்தியாசம் 80 வினாடி. முன்னே ஓடுபவர்கள் 47 கி.மீ. வேகத்தைத் தக்கவைத்தால் அதே வித்தியாசம் 46 வினாடியாகச் சுருங்கிவிடும். ஆகவே கணிப்பவர் இடைவெளியை மட்டும் பார்த்தால் போதாது. முன்னே இருப்பவர்கள் யார், அவர்கள் இன்னும் ஒற்றுமையாக முறைவைத்து ஓட்டுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி, துரத்தும் வேலையை யார் செய்வார்கள் என்பது. கூட்டத்தில் வலிமை இருந்தாலும் அதை யாராவது ஒருவர் முன்னே நின்று செலவழித்தாக வேண்டும். ஸ்பிரிண்டரை வைத்திருக்கும் இரண்டு மூன்று அணிகள் ஆளுக்கு ஒரு வீரரைத் தந்து இந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளும். மணிக்கணக்கில் கூட்டத்தின் தலையில் காற்றை வாங்கியே பெயர் பெற்ற பெல்சியத்தின் டிம் டெக்லெர்க்கிற்கு 'டிராக்டர்' என்பது பட்டப்பெயர். ஆனால் ஒரே ஓர் அணியின் ஸ்பிரிண்டர் எல்லா நாளும் வென்றுகொண்டிருந்தால் மற்ற அணிகள் உதவிக்கு வரமாட்டா. மலைகளில் அடிபட்ட மூன்றாவது வாரத்தில் துரத்த ஆட்களும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

2023 டூர் டி பிரான்சின் 18-ஆம் கட்டம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பூர்க்-ஆன்-பிரெஸ் நகரில் முடிந்த அக்கட்டம் கூட்ட ஸ்பிரிண்டாகவே முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதற்கு முன் நான்கு கட்டங்களை வென்றிருந்த பெல்சிய ஸ்பிரிண்டர் யாஸ்பர் பிலிப்சனுக்கே வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்டது. காஸ்பர் அஸ்கிரீன், பாஸ்கல் ஏன்கோர்ன், யோனாஸ் ஆப்ராகம்சன், விக்டர் காம்பனார்ட்ஸ் ஆகிய நால்வர் முன்னே ஓடினர். நால்வருமே தட்டையான சாலையில் நீண்ட நேரம் வலிமையாக ஓட்டக்கூடியவர்கள். கடைசி வரை ஏமாற்றாமல் முறைவைத்து ஓட்டினர். கூட்டம் அவர்களின் முதுகைத் தொடும் தூரம் வரை வந்தது, ஆனாலும் பிடிக்கவில்லை. அஸ்கிரீன் வென்றார். கூட்டத்தின் ஸ்பிரிண்டை வென்ற பிலிப்சனுக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

2025-இல் ஷாத்தோரூ நகரில் முடிந்த ஒன்பதாம் கட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மத்தியூ வான் டெர் பூலும் அவருடைய அணித் தோழர் யோனாஸ் ரிக்கார்ட்டும் தொடக்கத்திலேயே பிரிந்து ஓடினர். இருவர் மட்டும் 170 கி.மீ.க்கும் மேல் தாக்குப்பிடிப்பது நடவாத காரியம் என்றே எல்லோரும் எண்ணினர். வான் டெர் பூல் பிடிபட்டபோது முடிவுக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வென்றவர் பெல்சிய ஸ்பிரிண்டர் டிம் மெர்லியர். கூட்ட ஸ்பிரிண்ட் என்று கணித்தவர்கள் சரி. ஆனால் எவ்வளவு மெல்லிய இழையில் அவர்கள் தப்பினார்கள் என்பதை முடிவுப் பட்டியல் சொல்லாது.

பக்கக் காற்று

கட்டத்தின் வரைபடத்தில் தெரியாத மலை, பக்கக் காற்று. காற்று பக்கவாட்டில் வீசும்போது ஒருவரின் நேர் பின்னால் ஒதுங்கினால் பயனில்லை. சற்றுச் சாய்வாக ஒருவர்பின் ஒருவராக நிற்க வேண்டும். சாலையின் அகலம் இத்தகைய சாய்வு வரிசையில் பத்துப் பதினைந்து பேருக்கே இடம் தரும். மற்றவர்கள் சாலை ஓரத்தில் நீண்ட வாலாகி, பிறகு அறுந்துபோவார்கள். திறந்தவெளி வயல்கள், கடற்கரைச் சாலை, திசை மாறும் வளைவு ஆகியவை உள்ள நாளில் வானிலை அறிக்கையே முதல் ஆவணம்.

2013 டூர் டி பிரான்சின் 12-ஆம் கட்டத்தில், தூர் நகரில், செருமனியின் மார்செல் கிட்டெல் பிரித்தானியாவின் மார்க் கேவண்டிஷை வென்றார். மறுநாளும் சமதளம்தான்; மீண்டும் கிட்டெல் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அன்று பக்கக் காற்றைப் பயன்படுத்திக் கேவண்டிஷின் அணி கூட்டத்தைக் கிழித்தது. கிட்டெல் பின்குழுவில் மாட்டிக்கொண்டார். இறுதியில் முன்னே எஞ்சியவர்கள் வெறும் 14 பேர். அவர்களுள் கேவண்டிஷ் எளிதாக வென்றார். 2025 டூரின் முதல் நாளில் லீல் நகரிலும் இதேபோலக் காற்றில் கூட்டம் உடைந்தது. மெர்லியர், ஜொனாதன் மிலான் ஆகிய இரு பெரும் ஸ்பிரிண்டர்களும் பின்னால் தங்கிவிட, முன்குழுவில் இருந்த பிலிப்சன் வென்று மஞ்சள் ஜெர்சியையும் பெற்றார்.

கடைசி மூன்று கிலோமீட்டர்

கூட்டம் ஒன்றாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி நடப்பது இடத்துக்கான சண்டை.

ஸ்பிரிண்டர் தன் முழு வேகத்தை 10 முதல் 15 வினாடிகளுக்கு மேல் தக்கவைக்க முடியாது. ஆகவே கடைசி 200 மீட்டர் வரை அவரைக் காற்றுப்படாமல், முன்வரிசையில், ஏற்கெனவே உச்ச வேகத்தில் கொண்டுவந்து விட வேண்டும். இதைச் செய்யும் தோழர்களின் வரிசை 'லீட் அவுட்' எனப்படும். ஒவ்வொருவராக முன்னே நின்று தன் சக்தி தீரும்வரை இழுத்துவிட்டு விலகுவார். கடைசியாக விலகுபவர் பெரும்பாலும் தானே ஒரு நல்ல ஸ்பிரிண்டர். 2009-இல் பாரிசின் ஷான்செலிசே சாலையில் மார்க் ரென்ஷா கடைசி வளைவை முதலாவதாக எடுத்துக் கேவண்டிஷை விடுவித்தார். இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்ததால், இழுத்துவந்த ரென்ஷாவே இரண்டாவதாக முடித்தார்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். முன்னே ஓடுபவர் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 19.4 மீட்டர் செல்கிறார். பின்னால் வருபவர் அவரைவிட வேகமானவர், 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர். கடைசி 200 மீட்டர் சுமார் 10 வினாடியில் முடிந்துவிடும். அதற்குள் பின்னவர் ஈட்டக்கூடியது ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று மிதிவண்டி நீளம். அவர் பத்து இடம் பின்னால் இருந்திருந்தால், 15 மீட்டருக்கும் மேல் இழந்தாயிற்று. உலகிலேயே வேகமானவராக இருந்தாலும் எட்ட முடியாது. ஆகவே கணிப்பில் ஸ்பிரிண்டரின் பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய கடைசி இரு தோழர்களின் பெயர்களையும் எழுதிப் பார்ப்பது நல்லது. 2023-இல் பிலிப்சனின் நான்கு வெற்றிகளுக்கு அவருடைய கால்களோடு, அவருக்கு முன்னே இழுத்த வான் டெர் பூலின் கால்களும் காரணம்.

சாலையின் அமைப்பும் பேசும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்பாட்டாளர்கள் வெளியிடும் வழிநூலில் கடைசி ஐந்து கிலோமீட்டரின் வளைவுகள், சுற்றுச்சந்திகள், சாலை அகலம், ஏற்ற இறக்கம் எல்லாம் இருக்கும். கடைசி வளைவு முடிவுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தால் அதை முதல் மூன்று பேருக்குள் கடப்பவரே வெல்வார். அங்கே துணிவும் தோழர்களும் தேவை. நீண்ட, அகலமான நேர்சாலையாக இருந்தால் பின்னாலிருந்து வருபவருக்கும் வாய்ப்புண்டு. அங்கே தனி வலிமை பேசும். எதிர்க்காற்று வீசினால் முந்திக் கிளம்புபவர் கடைசி 50 மீட்டரில் தளர்ந்து, பின்னால் ஒதுங்கி வந்தவர் தாண்டிவிடுவார். பின்காற்றில் முந்திக் கிளம்பியவரைப் பிடிப்பது கடினம்.

சிறிய ஏற்றம்கூடப் பட்டியலை மாற்றிவிடும். கிட்டெல் போன்ற உயரமும் எடையும் மிக்கவர்களுக்கு முற்றிலும் தட்டையான சாலையே சொந்த ஊர். அங்கே எடை பெரிய தடையல்ல. மொத்த ஆற்றலே முக்கியம். கேவண்டிஷ், ஆத்திரேலியாவின் கேலப் யூவன் போன்ற உருவில் சிறியவர்கள் உடலை மிகத் தாழ்த்திக் காற்றுத் தடையைக் குறைத்து அதே வேகத்தைக் குறைந்த ஆற்றலில் எட்டுவார்கள். சாலை மூன்று நான்கு விழுக்காடு ஏறத் தொடங்கினால் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் போன்ற, நீண்ட முயற்சிக்குப் பிறகும் வேகம் குறையாத வீரர்கள் முன்னே வருவார்கள். 2024-இல் கொலோம்பே-லே-தோ-எக்லீஸ் ஊரில் ஏற்றத்தில் முடிந்த கட்டத்தில் கிர்மாய் பிலிப்சனை வென்றது இத்தகையதே.

பெயரல்ல, பங்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் அறிந்தவரும் ஒரே பெயரைச் சொன்னால் பெரும்பாலும் தோற்பார். கணிப்பை நிகழ்தகவாகச் சொல்வதே சரியான வழி. எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் கூட்ட ஸ்பிரிண்ட் நடக்க 80 விழுக்காடு வாய்ப்பு என்று மதிப்பிட்டால், மீதி 20 விழுக்காடு முன்னே ஓடும் குழுவுக்கும், காற்றுக்கும், கடைசி நேரத் தாக்குதலுக்கும் போகும். ஸ்பிரிண்ட் நடந்தால் மிக வலிய வீரருக்கு 35 விழுக்காடு என்று கொண்டால், அவர் அன்று வெல்வதற்கான மொத்த வாய்ப்பு 0.80 × 0.35, அதாவது 28 விழுக்காடு. எல்லோரும் சுட்டிக்காட்டும் வீரரே நான்கில் மூன்று முறை தோற்பார் என்பதற்கு இந்தப் பெருக்கலே விளக்கம். செய்தித்தாள்கள் அதை 'அதிர்ச்சித் தோல்வி' என்று எழுதுவது கணக்குக்கு ஒத்துவராதது.

2024 டூர் டி பிரான்சில் எட்டுக் கட்டங்கள் ஸ்பிரிண்டில் முடிந்தன. துரினில் கிர்மாய், சேன்-வுல்பாவில் கேவண்டிஷ், திசோனில் நெதர்லாந்தின் டிலான் குரூனவேகன், கொலோம்பேயில் மீண்டும் கிர்மாய், சேன்-அமான்-மோன்ரோனில் பிலிப்சன், வில்நூவ்-சுர்-லோத்தில் கிர்மாய், போ நகரிலும் நீமிலும் பிலிப்சன். பந்தயம் தொடங்குமுன் பிலிப்சனே முதன்மையாகக் கருதப்பட்டார். எட்டு நாளும் அவர் பெயரையே எழுதியவருக்கு மூன்று சரி, ஐந்து தவறு. முதல் ஒன்பது கட்டங்களில் அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. அதைப் பார்த்து அவரைக் கைவிட்டவர்கள் அடுத்த மூன்று வெற்றிகளையும் தவறவிட்டார்கள். சில நாள் முடிவுகளை வைத்து முழு மதிப்பீட்டையும் புரட்டிப்போடுவது இத்துறையில் மிகப் பரவலான பிழை.

எல்லாக் காலத்திலும் நிலைமை இவ்வளவு சமமாக இருப்பதில்லை. 1999-இல் இத்தாலியின் மாரியோ சிப்போலினி டூரில் தொடர்ந்து நான்கு கட்டங்களை வென்றார். அவற்றுள் லாவாலிலிருந்து புளுவா வரையிலான கட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 50.355 கி.மீ. பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்தின் லொரேனா வீபஸ் இன்று அத்தகைய நிலையில் இருக்கிறார். 2025 பெண்கள் டூரில் மூன்றாம், நான்காம் கட்டங்களை அடுத்தடுத்து வென்றார். இவரைப் போன்றவருக்கு 35 அல்ல, 60 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தாலும் மிகையாகாது. கணிப்பவரின் திறமை பெயரைக் கண்டுபிடிப்பதில் இல்லை, இந்தப் பங்கை அளப்பதில் இருக்கிறது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் 30 விழுக்காடு என்று எழுதிய எல்லா நாட்களையும் தனியே தொகுக்க வேண்டும். அவற்றில் பத்துக்கு மூன்று என்ற அளவில் அந்த வீரர்கள் வென்றிருந்தால் அவருடைய அளவுகோல் சரியானது.

சேன்-வுல்பா, 3 சூலை 2024

மிகச் சிறிய பங்கு கொடுக்கப்பட்டவரும் வெல்வார் என்பதற்குக் கேவண்டிஷின் கடைசி டூர் வெற்றியைப் போல வேறொன்று இல்லை. 2008-இல் ஷாத்தோரூவில் தொடங்கிய அவருடைய வெற்றிக் கணக்கு, 2021-இல் 34-ஐ எட்டி எடி மெர்க்சின் சாதனையைச் சமன்செய்தது. 2023-இல் போர்தோவில் 35-ஆவது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது பற்சக்கரச் சங்கிலி சிக்கல் கொடுத்தது. பிலிப்சனுக்குப் பின் இரண்டாவதாக வந்தார். மறுநாளே விழுந்து காறை எலும்பு முறிந்து பந்தயத்தை விட்டார்.

ஓய்வு பெறும் முடிவைத் தள்ளிவைத்து 39 வயதில் 2024-இல் மீண்டும் வந்தார். முதல் நாள் கடும் வெயிலில் வாந்தி எடுத்து, தோழர்களின் துணையோடு கால வரம்புக்குள் எப்படியோ வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் துரினில் ஸ்பிரிண்டில் பங்குகொள்ளவே முடியவில்லை. உடல்நிலையையும் அண்மைய முடிவுகளையும் மட்டும் எடைபோடும் எந்தக் கணக்கும் ஐந்தாம் கட்டத்தில் அவருக்குப் பெரிய பங்கைத் தந்திருக்காது. ஆனால் அன்று அவர் வென்றது உடல் வலிமையால் மட்டுமல்ல. கடைசி கிலோமீட்டரில் தன் அணியின் வரிசை குலைந்த பிறகும், எதிரணியினரின் பின்சக்கரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்றி முன்னேறி, வழி திறந்த நொடியில் கிளம்பினார். பிலிப்சன் இரண்டாவது, நார்வேயின் அலெக்சாந்தர் கிறிஸ்டாப் மூன்றாவது. எந்தச் சக்கரத்தின் பின்னால் எப்போது தாவ வேண்டும் என்ற அறிவு வாட் கணக்கிலும் வேகக் கணக்கிலும் பதிவாவதில்லை. ஆனால் அது பதினாறு ஆண்டு முடிவுகளில் பதிவாகியிருந்தது. நீண்ட கால வரலாற்றுக்குச் சற்று அதிக எடை கொடுத்தவர்கள் அன்று அவ்வளவு வியப்படையவில்லை.

விபத்தும் தீர்ப்பும்

கணிப்பில் எப்போதும் ஒரு பங்கை விபத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. 2024 துரின் கட்டத்தில் கடைசி சில கிலோமீட்டருக்குள் நடந்த விபத்து பிலிப்சன் உள்ளிட்ட பலரை வெளியேற்றியது. விபத்துக்கு முன்னே இருந்த கிர்மாய், டூர் கட்டம் ஒன்றை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கரானார். 2025-இல் பச்சை ஜெர்சியுடன் ஓடிய பிலிப்சன் மூன்றாம் கட்டத்தின் இடைப்பட்ட ஸ்பிரிண்டில் விழுந்து, மீதிப் பந்தயம் முழுவதையும் இழந்தார். அன்று காலை ஒவ்வொரு கணிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

கோட்டைக் கடந்த பிறகும் முடிவு மாறலாம். ஸ்பிரிண்டில் தன் நேர்கோட்டை விட்டு விலகி இன்னொருவரின் வழியை மறித்தால், அவரைக் குழுவின் கடைசி இடத்துக்கு நடுவர்கள் இறக்கலாம். 2024 திசோனில் இரண்டாவதாகக் கடந்த பிலிப்சனுக்கு இதுவே நேர்ந்தது. 2025 முதல் ஆபத்தான நடத்தைக்கு மஞ்சள் அட்டை முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது. இன்னொரு பக்கம், தீர்ப்பு கேமராவின் கையில் இருக்கும் நாட்களும் உண்டு. 2017-இல் நுயி-சேன்-ஜார்ஜ் ஊரில் கிட்டெல், நார்வேயின் எட்வால்ட் போவாசன் ஹாகனை வென்ற தூரம் 6 மில்லிமீட்டர். அதைச் சரியாகக் கணித்தவருக்கும் தவறாகக் கணித்தவருக்கும் அறிவில் வித்தியாசம் எதுவும் இருந்திருக்க முடியாது.

விபத்தின் விலை புள்ளிகளோடு நிற்பதில்லை. 2020 ஆகத்து 5 அன்று போலந்துச் சுற்றுப் பந்தயத்தின் முதல் கட்டம், கட்டோவிசு நகரில் இறக்கமான சாலையில் மிக அதிக வேகத்தில் முடிந்தது. முன்னே சென்ற குரூனவேகன் தன் வழியிலிருந்து விலகியதால், அருகில் வந்த சக நாட்டவர் ஃபாபியோ யாகோப்சன் தடுப்புகளில் மோதி முகமெல்லாம் சிதைந்து உயிருக்குப் போராடினார். குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை விதிக்கப்பட்டது. யாகோப்சன் பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் மீண்டு, 2021 வுவெல்டாவில் மூன்று கட்டங்களை வென்றார். 2022 டூர் டி பிரான்சு டென்மார்க்கில் தொடங்கியபோது இருவருமே பட்டியலில் இருந்தனர். சூலை 2 அன்று நூபோர் நகரில் யாகோப்சன் வென்றார். மறுநாள் சோனர்போர் நகரில் குரூனவேகன் வென்றார்.